பல்லில் இல்லாத வலி

செவ்வாய்க்கிழமை காலை புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தெரேஸ் அம்மாவின் மகள் போன் செய்தார். "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க டாக்டர். உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சி." வரிசையில் இன்னும் பலர் இருந்தார்கள். அவர்களைப் பார்த்து முடித்த பிறகே எழுந்தேன். தெரேஸ் அம்மாவும் அப்படித்தான் செய்யச் சொல்லியிருப்பார்.

எங்கள் மருத்துவமனையின் பதிவறையில் அவர் எழுத்தராக இருந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். முக நரம்பு நோயாளிகளின் பழைய குறிப்புகளைத் தொகுக்க நான் அங்கே போனபோது எங்கள் இருவருக்குமே ஐம்பது வயது கடந்திருந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்துத் தாள்களைப் படித்துச் சொல்ல அவரை விட்டால் ஆளில்லை. முதல் நாளே காபி டம்ளரை ஒரு கட்டின் மேல் வைத்துவிட்டேன். "எடுங்க டாக்டர். அதுக்குள்ள ஆளுங்க இருக்காங்க" என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஒரு பிற்பகல் அஞ்சலை என்ற ஆலைத் தொழிலாளியின் தாள் வந்தது. கன்னத்தில் காற்றுப் பட்டாலும் மின்னல் வெட்டுவதுபோல வலி. பல்வலி என்று நினைத்து நான்கு பற்களைப் பிடுங்கியிருந்தார்கள். வலி போகவில்லை. முகத்தின் ஐந்தாம் நரம்பில் வரும் வலி அது என்று கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசி வரியில் தெரேஸ் அம்மா நிறுத்தினார். "வேலைக்குப் போகாம இருக்க நடிக்கிறாள்னு எழுதியிருக்கு. அதுக்கப்புறம் அவங்க வரல."

நான் அடுத்த தாளைக் கேட்டேன். அவர் தரவில்லை, முகவரியைக் குறித்துக்கொண்டிருந்தார்.

உழவர்கரையில் தெருத் தெருவாக விசாரித்து, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அஞ்சலையின் மகளைக் கண்டுபிடித்தார். அம்மாவின் நோயைப் பற்றிக் கேட்க விருப்பமா என்று சம்மதம் வாங்கிய பிறகே என்னை அழைத்துப்போனார். மகள் கன்னியம்மாவுக்கு அறுபதுக்கு மேல். பெரிய மார்க்கெட்டில் கீரை விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

"அம்மா சோத்த வாயில வச்சா அலறும். மொகம் கழுவாது. வேலைக்குப் பயந்துக்கினு நடிக்குதுன்னு அப்பா அடிக்கும். நாங்களும் அதையேதான் சொன்னோம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நெசமாவே வலிச்சிதா சார்?"

"நெசந்தாம்மா. மனுஷனுக்கு வர்ற வலியிலேயே ரொம்பக் கொடுமையானது."

அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தெரேஸ் அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் அழுது முடியும்வரை கையைப் பிடித்திருந்தார்.

திரும்பும் வழியில், "சொல்லாம விட்டிருக்கலாமோ?" என்றேன்.

"அந்தம்மா அம்பது வருஷமா பொய்க்காரியாவே இருந்தாங்க டாக்டர். பெத்த பொண்ணு மனசுலயாவது அது மாறட்டும்."

மறுநாள் அந்தத் தாளை என் முன் வைத்தார். பழைய வரியை அடிக்க விடவில்லை. தனிச்சீட்டில் நோயின் பெயரை எழுதிக் கையெழுத்திடச் சொல்லி, அதன் கீழே ஒட்டினார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பழக்கம். வலி என்று ஒருவர் வந்தால், என் கருத்தை எழுதுமுன் அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே எழுதுகிறேன். அதை அவருக்குப் படித்துக் காட்டுகிறேன். "ஆமா, இதான்" என்று அவர் சொன்ன பிறகே கையெழுத்திடுகிறேன்.