ஞாயிறு மதியம் வந்த ஆஜர் பட்டியல்

போருக்குப் போய் வந்த வியாதி என் வீட்டுக்காரருக்குத்தான். எனக்கு இல்லை. நான் கணக்கு டீச்சர். காதால் கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

அவர் பெயர் மகேஸ்வரன். இலங்கைக்குப் போன அமைதிப்படையில் சிப்பாய். 1990இல் திரும்பி வந்தவர் பழைய ஆளாக இல்லை. குக்கர் விசில் அடித்தால் தரையில் குப்புறப் படுத்துவிடுவார். பின்னாலிருந்து தொட்டால் கை ஓங்கிவிடும். அப்புறம் அதற்காக அழுவார். அங்கே என்ன நடந்தது என்று மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"ஏட்டி, அவனுக்குப் பேய் பிடிச்சிருக்கு. கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போவோம்" என்றார் மாமியார்.

"மனசுல பட்ட காயம் அத்தை. பேயுமில்ல, பிசாசுமில்ல" என்று சண்டை போட்டு, பாளையங்கோட்டையில் டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். மாத்திரை கேட்டது. தூங்க ஆரம்பித்தார்.

1992 அக்டோபர் 11, ஞாயிறு. டவுனில் எங்கள் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். மதியம் 2.40. அவர் கட்டிலில் படுத்திருந்தார். நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தெருவில் டவுன் பஸ் சத்தம், அல்வாக் கடை ரேடியோ... இரண்டும் ஒரே நொடியில் நின்றன.

புறவாசலில் பூட்ஸ் சத்தம். ஒருவர் இல்லை. வரிசையாகப் பலர்.

ஓர் ஆண் குரல் நிதானமாகப் பெயர் படித்தது.

"பாக்கியசீலன்..."

"ஹாஜிர் சாப்!"

"வேதநாயகம்..."

"ஹாஜிர் சாப்!"

பட்டாளத்தில் இந்தியில் ஆஜர் எடுப்பது போல. எண்ணினேன். பதினொரு பெயர். பதினொரு வேறு வேறு குரல்.

அவர் எழுந்து விறைப்பாக நின்றார்.

"மகேஸ்வரன்..."

அவர் வாய் திறந்தது.

பாய்ந்து பொத்தினேன். விரலைக் கடித்தார். நான் கையை விடவில்லை.

"மகேஸ்வரன்..." இப்போது கதவுக்கு அந்தப் பக்கம்.

"அவரு வரமாட்டாரு!" கத்தினேன். "மூணு வருசம் வச்சிருந்தது போதும். போங்கய்யா வெளிய!"



தாள் புரளும் சத்தம்.

"சுவிசேஷமுத்து..."

நான்கு நொடி.

தூரத்தில் ஒரு குரல். கூடவே அலைச் சத்தம்.

"ஹாஜிர் சாப்."

2.46. பஸ் ஹாரன் கேட்டது. புறவாசல் கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

"பேர் படிச்சது எங்க ஹவில்தார் குரல், சுந்தரி... உனக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அன்றுதான் வாய் திறந்தார். ஒரு பனங்காட்டில், ஒரே காலையில், அந்த ஹவில்தாரும் பதினொரு சிப்பாய்களும் செத்துப்போனார்கள். தப்பியது இரண்டே பேர். இவர் ஒருவர். இன்னொருவர் உவரிக்காரர், சுவிசேஷமுத்து.

வியாழக்கிழமை உவரியிலிருந்து கார்டு வந்தது. சுவிசேஷமுத்துவின் மனைவி எழுதியிருந்தாள். ஞாயிறு மதியம் கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று விறைப்பாக எழுந்து நின்றாராம். ஏதோ இந்தியில் சத்தமாகச் சொன்னாராம். நேரே கடலுக்குள் நடந்துவிட்டார். உடல் கிடைக்கவில்லை.

பக்கத்தில் நின்றவர்களுக்கு எந்தக் குரலும் கேட்கவில்லையாம். அவர் வாயைப் பொத்த அங்கே யாரும் இல்லை.

அன்று முதல் ஞாயிறு மதியம் நான் வீட்டை விட்டு நகர்வதில்லை. கூப்பிட்டுப் பார்க்கட்டும்.