குச்சி காயும் களத்துக்கு நிறம் இல்லை

எழுபதுகளின் கடைசியில் கோவில்பட்டிக்கு மாஸ்டர் பிளான் போட வந்த அதிகாரிக்கு வெயில் ஆகாது. ஆகவே எந்த இடம் எதற்குப் பயன்படுகிறது என்ற கணக்கெடுப்பை ஐப்பசியில் வைத்தார். ஐப்பசியில் கரிசல் மண் செருப்பைப் பிடித்தால் விடாது. ஆகவே ஜீப்பை விட்டு அவர் இறங்கவில்லை. உட்கார்ந்தபடி பார்த்துச் சொன்னார். வரைவாளனான நான் தாளில் குறித்தேன். வீட்டுக்கு மஞ்சள், தொழிலுக்கு ஊதா, காலியிடத்துக்கு வெறும் தாள். ஒரு நகரத்தை அளந்த லட்சணம் இது.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் வரைபடத்தில் பச்சை போதவில்லை என்றார். ஒரு காலியிடம் பூங்காவாயிற்று. பச்சை அடித்தது நான்தான்.

ஆட்சேபணை சொல்ல ஓர் அம்மாள் வந்தார். தீப்பெட்டி ஆபீஸ் நடத்துபவர். ஆபீஸ் என்பது ஒரு சின்னக் கட்டடமும், முன்னால் ஈரக் குச்சியைப் பரப்பிக் காயவைக்கும் களமும்தான். களம் பூங்காவானால் லைசென்ஸ் புதுப்பிக்கமாட்டார்கள். தொழில் போய்விடும்.

"அது காலியிடம் இல்ல சார். குச்சி காயுத களம்."

"நாங்க பாத்தப்போ குச்சி இல்லியேம்மா" என்றார் அதிகாரி.

"மழையில எவ சார் குச்சி காயப்போடுவா?"

காயவைப்பதற்கு நம் பட்டியலில் நிறம் உண்டா என்று அவர் என்னைக் கேட்டார். இல்லை என்றேன். "அப்போ முடியாதும்மா" என்று ஃபைலை மூடினார்.

வராந்தாவில் அந்த அம்மாள் என்னை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, என்ன செஞ்சா அவிய கண்ணுக்குத் தெரியும்?"

விதிகள் எனக்கு மனப்பாடம். "கூரை போடுங்க. கூரை இருந்தா அது கட்டடம். மறுபடி வந்து பாத்தே ஆகணும்."

"கூரைக்கு அடியில குச்சி எப்படிக் காயும்? நல்லாத்தான் படிச்சிருக்கிய."

ஆனாலும் களம் முழுக்கத் தகரம் போட்டார். மாசியில் அதிகாரி மறுஆய்வுக்கு வந்தார். ஜீப்பிலிருந்தபடியே தகரத்தைப் பார்த்துத் திருப்தியடைந்தார். நான் பிளேடால் பச்சையைச் சுரண்டி ஊதா அடித்தேன். பூங்கா பக்கத்துக் காலியிடத்துக்கு நகர்ந்தது. அங்கே என்ன காய்ந்துகொண்டிருந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

லைசென்ஸ் கிடைத்தது. சில வாரம் கழித்து அந்தப் பக்கம் போனேன். தகரத்துக்கு அடியில் சைக்கிள்கள் நின்றன. தெரு நீளத்துக்குக் குச்சி பரப்பியிருந்தது. பஸ் ஒன்று ஓரமாக ஒதுங்கி ஊர்ந்தது.

அந்த அம்மாள் குச்சியைக் காலால் கிளறிவிட்டபடியே என்னைப் பார்த்தார்.

"ஆபீஸ் ரோட்டுக்கு வந்துட்டு அண்ணாச்சி. இதுக்கும் ஊதா அடிச்சிருங்க."