பூசாத வீட்டுக்குக் குடிபோனோம்

ராஜகீழ்ப்பாக்கத்தில் நாங்கள் ஒன்பது வருடம் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் நல்ல மனிதர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மாடியில் அவரும் மனைவியும் இருந்தார்கள், கீழே நாங்கள் மூன்று பேர். நவராத்திரிக்கு எங்கள் வீட்டுச் சுண்டல் மேலே போகும், தீபாவளிக்கு அவர்கள் வீட்டு மிக்சர் கீழே வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரே இறங்கி வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வராமல் வாசலில் நின்றபடியே பேசினார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. பக்கத்துத் தெருவுல என்ன வாடகை போகுதுன்னு உங்களுக்கே தெரியும். அந்த ரேட்டுக்கு உங்களால வர முடியுமான்னு யோசிச்சுச் சொல்லுங்க."

பக்கத்துத் தெரு வாடகை எனக்குத் தெரியும். என் சம்பளத்தில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். என் கணவர் தாம்பரத்தில் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடையில் பில் போடுகிறார். மகள் அப்போது ஏழாம் வகுப்பு. யோசித்துச் சொல்ல எங்களிடம் பெரிதாக ஒன்றும் இல்லை.

வேறு வீடு தேடினோம். பள்ளி விட்டதும் கணவரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து தெருத்தெருவாகப் போவேன். ஒரு வீட்டில் சமையலறை எவ்வளவு குறுகல் என்றால், ஃபிரிட்ஜ் கதவைத் திறக்க வேண்டுமானால் ஆள் வெளியே வர வேண்டும். இன்னொரு வீட்டில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டார்கள். மூன்றாவது வீட்டில் எல்லாம் பிடித்திருந்தது, வாடகைகூடக் கட்டுப்படியாகும் போலிருந்தது. அந்த வீட்டு அம்மா கடைசியாகக் கேட்டார், "மூணு பேர்தானே? ஊர்லேந்து சொந்தக்காரங்க யாரும் வந்து தங்க மாட்டாங்கல்ல?" கணவர் வண்டிச் சாவியை எடுத்துவிட்டார்.

இத்தனைக்கும் எங்களுக்குச் சொந்தமாக ஒரு வீடு இருந்தது. முழு வீடு என்று சொல்ல முடியாது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, என் நகைகளை விற்று, வண்டலூர் தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில் சின்ன மனை வாங்கிப் போட்டிருந்தோம். வீடு தேடியதற்கு முந்தைய வருடம்தான் பேங்கில் லோன் கிடைத்தது. அது செங்கல் சுவருக்கும் கான்கிரீட் தளத்துக்கும் கதவு ஜன்னலுக்கும் சரியாகப் போயிற்று. இரண்டு வருடம் பணம் சேர்த்து, பூசி, டைல்ஸ் ஒட்டி, பெயின்ட் அடித்து அப்புறம் குடிபோகலாம் என்பது திட்டம். அதுவரை லோனும் கட்ட வேண்டும், வாடகையும் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், சிக்னல் பக்கத்தில் டீ குடிக்க நின்றோம். அங்கேதான் சொன்னேன்.

"என்னங்க, அங்கேயே போயிடலாமே."

"எங்கே?"

"நம்ம வீட்டுக்கு."

"இன்னும் பூசவே இல்லையேம்மா."

"கூரை இருக்கு, கதவு இருக்கு. இன்னும் என்ன வேணும்? யாரும் வந்து வாடகை ஏத்தப் போறதில்ல."

அவர் டீயைக் குடித்து முடித்தார். கிளாஸை வைத்துவிட்டு, "எங்க அண்ணன் என்ன சொல்லுவாரோ" என்றார். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சுவர் எழுப்பிய மேஸ்திரி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். ஆனால் ஒத்துக்கொண்டார். இருந்த பணத்தில் குளியலறையை முடித்தார், சமையல் மேடை போட்டார், தரைக்கு வெறும் சிமென்ட் பூசினார். மீதியெல்லாம் செங்கல். ஆணி அடித்தால் இடுக்குச் சிமென்ட் உதிரும். ஒரு நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம்.

கணவரின் அண்ணன் குடும்பத்தோடு வந்தார். எல்லா அறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "கோடவுன் மாதிரி இருக்கேப்பா" என்றார். கெடுதலாகச் சொல்லவில்லை, மனதில் பட்டதைச் சொன்னார். ஆனால் என் கணவரின் முகம் விழுந்துவிட்டது. காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனவர் வெளியே வரவே இல்லை.

எதிர்வீட்டு அக்கா அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு தூக்குப் பாலோடு நின்றார். எங்கள் தெரு மனைகள் எல்லாம் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து நிலம். இப்போது இரண்டு பசு வைத்திருக்கிறார், தெருமுனையில் மகன் ஹார்டுவேர் கடை நடத்துகிறார். அண்ணன் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது.

"இன்னா சார், கோடவுனா? நாங்களும் அந்த வூட்டக் கட்டிட்டு நாலு வருசம் பூசாமதான் இருந்தோம். என் பெரிய பொண்ணுக்கு நிச்சயம் பண்ணதே அந்தச் செங்கல்லு வூட்லதான். மாப்ள வூட்டுக்காரங்க சுவத்தையா பாத்தாங்க? பொண்ணத்தான் பாத்தாங்க."

அண்ணன் சிரித்துவிட்டார். இன்னொரு டம்ளர் காபி கேட்டார். கணவர் சமையலறையிலிருந்து வெளியே வந்தார்.

ஒரு நாள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது அந்த அக்காவிடம், நிலத்தை விற்றதில் வருத்தம் உண்டா என்று கேட்டேன். "இன்னாத்துக்கு வருத்தம்? நெல்லு போட்டப்போ மழை வந்தாலும் பயம், வரலைன்னாலும் பயம். இப்ப நிம்மதியா தூங்கிகினு கீறேன்" என்றார்.

முதலில் எந்தச் சுவரைப் பூசுவது என்று எங்கள் வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. தீபாவளி போனஸ் ஒரு பக்கத்துக்குத்தான் வரும். வருகிறவர்கள் பார்ப்பது முன்பக்கம், அதனால் அதுதான் முதலில் என்பது கணவர் கட்சி. சமையலறைச் சுவரைத் துடைக்கவே முடியவில்லை, எண்ணெய்ப் பிசுக்கு செங்கல்லில் ஊறுகிறது என்பது என் கட்சி. மகள் தன் அறையைக் கேட்டாள், பிறகு விட்டுவிட்டாள். செங்கல் வரிசைகளில் சாக்பீஸால் கோலம் மாதிரி என்னவோ வரைய ஆரம்பித்திருந்தாள்.

முடிவெடுத்தது ஐப்பசி மழை. ஒரு சனிக்கிழமை மதியம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வடக்குச் சுவர் முதலில் வியர்த்தது போல் கறுத்தது. பிறகு ஒரு கோடாகத் தண்ணீர் இறங்கியது. நானும் மகளும் புத்தகங்களையும் துணிகளையும் அடுத்த அறைக்கு மாற்றினோம். அக்கா தன் கேட்டிலிருந்து குரல் கொடுத்தார்.

"டீச்சரம்மா, எங்க வூட்ல பெரிய தார்ப்பாய் கீது. உன் வூட்டுக்காரர அனுப்பு, எடுத்துக்கினு போவட்டும்."

அவருடைய மகனும் என் கணவரும் கொட்டும் மழையில் மொட்டைமாடியில் ஏறி, கைப்பிடிச் சுவரிலிருந்து தார்ப்பாயைத் தொங்கவிட்டுக் கட்டினார்கள். தண்ணீர் இறங்குவது நின்றது. சாயங்காலம் ஈரம் படாத அறையில் மூன்று பேரும் சூடாக ரசம் சாதம் சாப்பிட்டோம்.

"பழைய வீடா இருந்தா மழை பெஞ்சதே தெரிஞ்சிருக்காதும்மா" என்றாள் மகள்.

"குத்திக் காட்டுறியா?"

"இல்லம்மா, நிஜமாத்தான் சொல்றேன். இன்னிக்கு நல்லா இருந்துச்சு."

மழை விட்டதும் மேஸ்திரி வந்து வடக்குச் சுவரை வெளியே பூசினார். அடுத்த வருடம் சமையலறைக்கு டைல்ஸ் ஒட்டினோம். முன்பக்கம் இன்னும் செங்கல்தான். யாராவது வந்தால் கணவரே கூட்டிக்கொண்டு போய், "இந்தப் பக்கம் அடுத்து" என்று காட்டுகிறார். ஷேர் ஆட்டோவில் வண்டலூர் வந்து, ரயில் பிடித்துத் தாம்பரம் போய், அங்கிருந்து பஸ்ஸில் பள்ளிக்குப் போக வேண்டியிருக்கிறது. அலைச்சல்தான். ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் நோட்டு திருத்திவிடுவேன்.

இந்த வருடம் எதிர்வீட்டு அக்கா மாடியில் ஒரு போர்ஷன் கட்டினார். வாடகைக்கு வீடு கேட்டு ஓர் இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவள் கணவன் கம்பெனி வேன் ஓட்டுகிறான். அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார். "எவ்ளோ சொல்லலாம்? நீதான் கணக்கு டீச்சராச்சே."

அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் சம்பளம் என்ன இருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். ஒரு தொகை சொன்னேன்.

அக்கா என்னைத் தனியாக மாட்டுக்கொட்டகை பக்கம் இழுத்துக்கொண்டு போனார். "இன்னா நீ, எனக்குப் பேசுறியா, அவுங்களுக்குப் பேசுறியா?"

"ரெண்டு பேருக்கும்தான்க்கா. கூடச் சொன்னா ஆறு மாசத்துல காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் ஆள் தேடுற பேஜார் உங்களுக்குத்தான்."

அவர் பசுவின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். பிறகு போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு சாமான் வண்டி வந்தது. பீரோ மாடிப்படி வளைவில் மாட்டிக்கொண்டது. என் கணவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கைகொடுக்கப் போனார். எல்லோருக்கும் டீ போட நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.