பிடரியில் ஊசிகளோடு

வலி எப்போதும் பிடரியின் வலப்பக்கத்தில்தான் தொடங்கும். காதுக்குப் பின்னால் ஏறி, கடைசியில் வலது கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆடிட்டர் அலுவலகத்தில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன் குனிந்திருக்கிற வேலை எனக்கு. கண்ணாடியை மாற்றிப் பார்த்தேன், ஸ்கேன் எடுத்தேன். “தலையில ஒண்ணுமில்ல, கழுத்துதான் காரணம்” என்று டாக்டர் சொல்லி, கரமனையில் மசாஜும் அக்குபஞ்சரும் செய்கிற ஒரு மலையாளிப் பெண்ணிடம் அனுப்பினார்.

முதல் நாள் அவர் என் பிடரிக் குழியில் கட்டைவிரலை வைத்து அழுத்தியதும் கண்ணுக்குள் சுரீரென்றது. அழுத்தியது ஓரிடம், வலித்தது வேறிடம். அப்போதுதான் டாக்டர் சொன்னதை நம்பினேன்.

சில வாரம் கழித்து ஒரு நாள், மசாஜ் முடிந்து குப்புறப் படுத்திருந்தேன். முகத்துக்கென்று கட்டிலில் ஓர் ஓட்டை. அதன் வழியே தரை மட்டும் தெரியும். பிடரியிலும் தோளிலும் ஊசிகள். “சேச்சி, அனங்கல்லே, அசையாதீங்க. கழுத்தைத் திருப்பவே கூடாது, கேட்டோ” என்று சொல்லிவிட்டு அவர் கட்டிலை மறைத்திருந்த திரைக்கு அந்தப் பக்கம் போனார். புதிதாக யாரோ வந்திருந்தார்கள்.

“குப்புறப் படுத்தா எனக்கு மூச்சு முட்டும்.”

அந்தக் குரலைக் கேட்டதும் என் உடம்பு விறைத்தது. என் கணவருடைய அண்ணன் மனைவி. பல வருடம் ஒரே அடுக்களையில் சமைத்தவர்கள் நாங்கள். அண்ணனும் தம்பியும் வீட்டைப் பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்பிய பிறகு பேச்சு நின்றது. தெருவில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு ஓரமாக நடப்போம்.

அவரை நாற்காலியில் உட்காரவைத்து, மேசைமேல் தலையணையில் சாயச் சொல்வது கேட்டது. “சாப்பிட்டிட்டுதானே வந்தீங்க? வெறும் வயித்துல ஊசி பாடில்ல, குத்தக் கூடாது.”

“சாப்பிட்டாச்சு.”

பொய். அன்று சஷ்டி. சாயங்காலம் விளக்கேற்றும்வரை அவர் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். நான் இங்கே கிடப்பது அவருக்குத் தெரியாது. சொல்வதா, வேண்டாமா? ஊசி உறையைப் பிரிக்கிற சத்தம் வந்தது.

“அவங்க சாப்பிடல,” என்றேன், தரையைப் பார்த்தபடி. “இன்னைக்கு விரதம்.”

என் குரல் கேட்டதும் அவர் உரக்கச் சொன்னார்: “என் வயிறு எனக்குத் தெரியாதா? பழம் தின்னுட்டுத்தான் வந்தேன். நீங்க குத்துங்க.”

அந்தப் பெண் தயங்கினார். “சரி, ரெண்டே ரெண்டு வைக்காம்” என்று ஒப்புக்கொண்டார். வைத்தார். வாசலில் மணி அடித்தது. “இப்போ வராம், ஒரு நிமிஷம்” என்று போனார்.

நாங்கள் இருவர் மட்டும். அவருடைய மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். சீராக இருந்தது, பிறகு திணறியது. “கண்ணு இருட்டுதே” என்று முனகினார். நாற்காலிக் கால் கிறீச்சிட்டது.

“அக்கா!”

கையை ஊன்றி, கழுத்தைத் திருப்பாமல், உடம்பை ஒரே கட்டையாகத் தூக்கி எழுந்தேன். ஊசிகள் சுண்டி இழுத்தன. திரையை விலக்கினால், முகம் வெளுத்து, வியர்த்து, பக்கவாட்டில் சரிந்துகொண்டிருந்தார். பாய்ந்துபோய் நெஞ்சோடு தாங்கிக்கொண்டேன். அவர் பிடரியில் இருந்த இரண்டு ஊசிகளும் என் முகவாய்க்குக் கீழே ஆடின. “யாராவது வாங்களேன்!” என்று கத்தினேன்.

அந்தப் பெண் ஓடிவந்து அவருடைய ஊசிகளை உருவினார், பிறகு என்னுடையவற்றை. ஒன்று வளைந்திருந்தது. அவரைத் தரையில் கிடத்திக் கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்தோம். கண் திறந்ததும் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

“விரதம்...”

“முருகன் கோவிச்சா என் பேரைச் சொல்லுங்க. குடிங்க, அக்கா.”

என்னையே பார்த்தார். பிறகு குடித்தார்.

அந்தப் பெண் முழு மலையாளத்தில் எங்கள் இருவரையும் திட்டித் தீர்த்தார். பிரஷர் பார்த்து, சரியான பிறகுதான் விட்டார். நாங்கள் இருவரும் ஒரே ஆட்டோவில் ஏறினோம்.

“உனக்கு வலி எந்தப் பக்கம்?” அக்காதான் கேட்டார்.

“வலது. கண்ணு வரைக்கும் வரும்.”

“எனக்கு இடது.”

இப்போது என் வலி பெரும்பாலும் அடங்கிவிட்டது; கணக்கு முடிக்கிற மாதத்தில் மட்டும் தலைகாட்டும். அவர் ஊசியே வேண்டாமென்று மசாஜ் மட்டும் செய்துகொள்கிறார். சேர்ந்தே போய்வருகிறோம். போன வாரம் ஆட்டோவில் வீட்டு நடுச்சுவரைப் பற்றி அவராகவே ஏதோ தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். அடுத்த தடவை எந்தக் கிழமை போகலாம் என்று நான் கேட்டேன்.