என் இரண்டாவது வில்

இன்று பசுமலையில் கல்லூரி மாணவர்களுக்கான வயலின் போட்டி. எனக்கு முன்னால் வாசிக்க வேண்டியவள் ஷபானா, வேறு கல்லூரி. பெட்டியைத் திறந்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. வில்லின் நுனி முறிந்து கிடந்தது.

"பஸ்ஸுல அம்புட்டுக் கூட்டம்க்கா. யாரோ பெட்டி மேல சாஞ்சுட்டாங்க" என்றவளுக்கு அழுகை முட்டியது.

என்னிடம் இரண்டு வில் உண்டு. ஒன்று லேசானது, வேகமாக வாசிக்க. மற்றது கனமானது, நிதானமாக இழுத்தால் நாதம் நிறைந்து வரும். நான் வேகமாகத்தான் வாசிக்கப் போகிறேன். கனமானதை எடுத்து நீட்டினேன்.

"நெசமாவாக்கா? நானும் போட்டியில இருக்கேனே?"

"தெரியும். போய் வாசி."

கரகரப்பிரியா ராகத்தை அவசரமே இல்லாமல் வாசித்தாள். என் வில்லில் இப்படியொரு நாதம் இருப்பது எனக்கே தெரியாது. கைதட்டும்போது கண் கலங்கிவிட்டது.

முதல் பரிசு அவளுக்கு. இரண்டாவது எனக்கு. வில்லைத் திருப்பித் தந்தவள், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரே ஒரு வில்லு வச்சிருந்தா இன்னைக்கு மொதப் பரிசு ஒனக்குத்தானடி?" என்றார்.

வயலின்காரர்கள் யாராவது என் அம்மாவுக்கு ஒரு பதில் சொல்லுங்களேன்.