மஞ்சள் பூசிய பட்டாளம்

என் கோழிக்கிறுக்கல் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் முதலில் மன்னிப்பு. அச்சுக் கோர்ப்பவர் இந்த வாரமும் என்னைத் திட்டுவார். மூன்றாம் வகுப்புப் படிப்புக்கு இவ்வளவுதான் வரும்.

நான் குர்லாவில் டிரங்குப் பெட்டிகளுக்குப் பூப் போடுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். தீபாவளி கழிந்து, மாட்டுங்கா மணி சார் கூப்பிட்டனுப்பினார். ஆபீஸ் உத்தியோகஸ்தர். அவருக்கு ஒரு விசித்திரமான பொழுதுபோக்கு — விரல் உயர ஈயச் சிப்பாய்களை மேஜையில் நிறுத்தி, செம்பூர் நண்பரோடு பகடை உருட்டிச் சண்டை போடுவது!

லண்டனிலிருந்து மச்சினர் நாற்பது சிப்பாய்களை அனுப்பியிருந்தார். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷ் பட்டாளமாம். பெயின்ட் இல்லாத வெறும் ஈயம். முதலில் இருபது தந்தார். சரியாக வந்தால் மீதியும், அடுத்து வரும் குதிரைப்படையும் எனக்கு. பதினெட்டு வருஷமாக ஒரே தாமரையை வரைகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்...

"கோட் சிவப்பு, பேன்ட் வெள்ளை, ஃபேஸிங் மஞ்சள்" என்றார். தலையாட்டினேன். ஃபேஸ் பவுடர் தெரியாதவர் பம்பாயில் உண்டா? ஆனால் முகத்துக்கு எதற்கு மஞ்சள்? கேட்க வெட்கம். பட்டாளத்து வழக்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் மேஜையில் வரிசையாக வைத்தேன். சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காபி கொண்டுவந்த மாமிதான் குனிந்து பார்த்தார்.

"ஏன்னா, இவாள்லாம் மஞ்சள் தேய்ச்சுக் குளிச்சுட்டா சண்டைக்குப் போவா?"

அப்புறம்தான் சார் சொன்னார்: ஃபேஸிங் என்றால் காலரும் கைமடிப்புமாம்! மீதி இருபதும் போச்சு, குதிரைப்படையும் போச்சு. இனி மறைக்க என்ன இருக்கிறது?

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது சார். கேக்கதுக்கு வெக்கமா இருந்திச்சு."

சார் இரண்டு சிப்பாய்களை எடுத்து ஒட்டி நிறுத்தினார். புருவம் சுருங்கியது.

"இது ரெண்டும் வேற வேற பொம்மைக் கம்பெனி வார்ப்பு. இவன் குட்டையான்னா இருந்தான்?"

உண்மைதான். எட்டுப் பேர் அரைத் தலை குட்டை. அருகருகே வைத்துப் பார்த்தபோதே எனக்கு உறுத்தியது. அவர்கள் காலடியில் தகரத் துண்டு ஒட்டி, தொப்பிகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். மேலே புல் பச்சை. பெட்டிப் பட்டறையில் தகரத்துக்கா பஞ்சம்?

யார் செய்யச் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, கண் பொறுக்கவில்லை என்றேன்.

"மூஞ்சியை மாத்திடலாம். இந்தக் கண்ணுக்கு நான் எங்கே போறது?" என்று மீதி இருபதையும் என் பக்கம் நகர்த்தினார்.

முகங்களை மாற்றினேன். ஒருவனை மட்டும் மாமி மஞ்சளோடு அலமாரியில் வைத்துக்கொண்டார்.

குதிரைப்படை போன வாரம் வந்தது. "இதுக்கு லேஸ் வெள்ளி" என்றார் சார். லேசாக வெள்ளி பூசினால் போதும்போல என்று தலையாட்டப் போனேன்... நிறுத்திக்கொண்டேன்.

"லேஸ்னா என்ன சார்?"

வெட்கத்தில் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, ஒருவழியாக எழுதி முடித்தது: 12-2-1967.