பிரதிவாதி வக்கீலுக்கு ஒரு விருது

சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு வராது. கல்யாண வீட்டுப் பந்தியில்கூடப் பக்கத்து ஆள் ரசத்துக்கு வருவதற்குள் இலையை மடக்கிவிட்டு எழுந்துவிடுவேன். "உங்களுக்கு மட்டும் உக்காருத இடத்துல முள்ளா இருக்கு?" என்பாள் என் வீட்டுக்காரி. முள்தான். சங்கரன்கோவில் முன்சீப் கோர்ட்டில் வருஷக்கணக்காகப் பிரதிவாதிகளுக்கே வக்கீலாக நின்றவனுக்கு வேறு என்ன இருக்கும்?

வாதிக்கு வக்கீலாக இருப்பவன் புண்ணியம் செய்தவன். கட்சிக்காரன் பத்திரங்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு சாவகாசமாக வருவான். வக்கீலும் காபி குடித்துக்கொண்டே படிப்பார். நல்ல நாள் பார்த்து வழக்குப் போடுவார். என் ஆள் அப்படி வரமாட்டான். சிவகிரியிலிருந்தோ மேலநீலிதநல்லூரிலிருந்தோ சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, கையில் சம்மனோடு, விடிந்தும் விடியாமலும் வந்து நிற்பான். "அய்யா, என்னமோ பேப்பர் வந்திருக்கு. படிச்சுச் சொல்லுங்க." படித்துப் பார்த்தால் நாளைக்கு வாய்தாவாக இருக்கும். வாதி வக்கீல் ஆறு மாதம் யோசித்துப் போட்ட வழக்குக்கு நான் ஒரு ராத்திரியில் பதில் யோசிக்க வேண்டும். அப்புறம் கால் ஆடாமல் என்ன செய்யும்?

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் வக்கீல் சங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. சிவில் வழக்குகளில் பிரதிவாதி தரப்பில் சிறப்பாக வாதாடுகிற வக்கீலுக்கு வருஷா வருஷம் ஒரு விருது கொடுக்க வேண்டும் என்று. ஜெயித்த வாதியின் வக்கீலை ஊரே கொண்டாடும், இருந்ததைப் பறிகொடுக்காமல் காப்பாற்றிக் கொடுத்தவனை ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று தலைவர் பேசினார். நியாயமான பேச்சு. முதல் விருது எனக்கு என்று முடிவாயிற்று. "எனக்கெதுக்குவே இதெல்லாம்?" என்று சங்கத்தில் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கறுப்புக் கோட்டை நானே இஸ்திரி போட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பச்சைப் பொய்.

கோடை விடுமுறைக்கு முந்தின கடைசி வேலை நாள், மத்தியானம் விழா. எங்கள் கோர்ட்டில் ஒரு வழக்கம் உண்டு. சங்கத்தில் விழாவோ, இரங்கல் கூட்டமோ நடந்தால் அன்றைக்கு எவனும் இன்னொரு வக்கீலின் கேஸில் உத்தரவு கேட்க மாட்டான். எழுதி வைத்த விதி கிடையாது. ஆனாலும் கோவில் நடை சாத்துகிற மாதிரி அது நடக்கும். கேஸெல்லாம் தானாக அடுத்த வாய்தாவுக்குப் போய்விடும்.

அந்த வருஷம் வந்திருந்த முன்சீப் புதுசு, கண்டிப்பான மனுஷர். விழாவுக்குக் கூப்பிட்டதற்கு, "நீங்க நடத்துங்க. நான் அஞ்சு மணி வரைக்கும் சீட்டுல இருப்பேன்" என்று சொல்லிவிட்டார். இருந்துவிட்டுப் போகட்டும், அவர் முன்னால் நிற்க ஒரு வக்கீலும் இருக்கப்போவதில்லையே என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம்.

அன்றைக்கு எனக்கு ஒரு கேஸ் இருந்தது. புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சைத் தோட்டக்காரி ஒருத்தி, புருஷன் போனவள். கிணறு அவளுக்கும் கொழுந்தனுக்கும் பொது. ஒரு நாள் இவள் முறை, மறுநாள் அவன் முறை என்று மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சி வந்தார்கள். அண்ணன் செத்த மறு வருஷம் கிணறு முழுக்கத் தன்னுடையது என்று கொழுந்தன் வழக்குப் போட்டான். வழக்கு முடிகிறவரை அவள் மோட்டார் போடக் கூடாது என்று தடை உத்தரவு கேட்டிருந்தான். அந்த மனுத்தான் அன்றைக்கு விசாரணைக்கு இருந்தது. தடை விழுந்தால் அதை உடைக்கக் கோர்ட் திறக்க வேண்டும். ஒரு மாதம் ஆகும். விடுமுறைக் கோர்ட்டு என்று ஜில்லாவில் ஒன்று உண்டுதான். அங்கே மனுப் போட்டு, நோட்டீஸ் போய்த் திரும்புவதற்குள் அக்கினி நட்சத்திர வெயில் மரத்தைச் சுள்ளியாக்கிவிடும். அவளுக்கு வயிற்றுப்பாடே அந்த மரங்கள்தான்.

காலையில் கேஸை எடுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என் குமாஸ்தா அவளிடம், "இனி இன்னைக்குக் கேஸு எடுக்க மாட்டாகம்மா. விழாவுல வந்து அய்யாவுக்கு ஒரு மாலை போட்டுட்டுப் போங்க" என்று சொல்லி, பந்தலில் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார். கட்சிக்காரர்கள் மாலை போட்டால் விழாவுக்குக் களை என்று சங்கத்தில் சொல்லியிருந்தார்களாம்.

"எதிர் வக்கீல் திருநெல்வேலிக்காரராச்சே வே. அவருக்கு நம்ம வழக்கம் தெரியுமா?" என்றேன்.

"அவரும் வக்கீல்தானய்யா. தெரியாமலா இருக்கும்?" என்றார் குமாஸ்தா.

அதற்குள் தலைவர் வந்து என் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

கோர்ட் வளாகத்திலேயே பந்தல். வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. கோர்ட் ஹால் கூப்பிடு தூரம்தான். தலைவர் மைக்கைப் பிடித்தார். நான் வக்கீல் தொழிலுக்கு வந்த கதையை எனக்கே தெரியாத விதத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதிலெல்லாம் காது போகவில்லை. கோர்ட் வராந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் ஆடியதில் மேடைப் பலகை கிடுகிடுத்தது.

கேஸைக் கூப்பிடுகிற டவாலி வராந்தாவுக்கு வந்தான். தலையை நிமிர்த்தி அந்த அம்மாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

நான் எழுந்தேன். பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்து அமுக்கினார். "உக்காருங்க அண்ணாச்சி. புகழ்ந்தா எந்திரிச்சு ஓடுதீகளே, அடக்கத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?"

"அடக்கமாவது மண்ணாங்கட்டியாவது! என் கேஸைக் கூப்பிடுதான்வே!"

தலைவர் காதில் அது விழுந்துவிட்டது. மைக்கில், "பாருங்கள்! பாராட்டு மேடையிலும் இவருக்குக் கட்சிக்காரர் நினைப்புதான்!" என்றார். பந்தலே கைதட்டியது. அந்தக் கைதட்டலில் டவாலியின் இரண்டாவது கூப்பாடு அமுங்கிப்போனது. அவன் வாய் திறந்து மூடுவதை மட்டும் பார்த்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் மைக்கைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

தோளில் இருந்த கையைத் தட்டிவிட்டு மேடையிலிருந்து குதித்தேன். நான் தன்னை நோக்கி ஓடி வருவதைப் பார்த்த அந்த அம்மா, மாலை போடுகிற நேரம் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். எழுந்து, வழியை மறித்து, கனத்த சம்பங்கி மாலையை என் கழுத்தில் போட்டுக் கும்பிட்டாள். மறுபடியும் கைதட்டல்.

"எம்மா தாயி, உன் பேரைத்தான் கூப்பிடுதான்! ஓடு!"

மூன்றாவது கூப்பாடும் முடிந்து டவாலி உள்ளே போய்விட்டான். நாங்கள் போய் நிற்கும்போது முன்சீப் அடுத்த கேஸ் கட்டை எடுத்திருந்தார்.

"மூணு தடவை கூப்பிட்டாச்சு. பிரதிவாதியும் இல்லை, வக்கீலும் இல்லை. எக்ஸ்பார்ட்டியா தடை உத்தரவு கொடுத்தாச்சு" என்றார். என் கழுத்து மாலையைப் பார்த்தார்.

எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். சங்கத்து விழா என்றேன். அந்த அம்மா காலையிலிருந்து காத்துக்கிடந்ததைச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"உங்க வழக்கம் சட்டமில்லையே. ஆனா நான் இன்னும் கையெழுத்துப் போடலை. எதிர் வக்கீல் முதுகுக்குப் பின்னால மாத்தவும் மாட்டேன். அஞ்சு மணிக்குள்ள அவர் வந்து, எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு சொன்னா பாக்கலாம்."

எதிர் வக்கீல் அப்போதே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். வாசலில் நின்ற அந்த அம்மா ஆள் மாற்றி ஆள் முகத்தைப் பார்த்தாள். "அய்யா என்ன சொல்லுதாக? மோட்டார் போடலாமா, கூடாதா?" குமாஸ்தாவின் சைக்கிளை எடுத்து மிதித்தேன்.

கறுப்புக் கோட்டும் சம்பங்கி மாலையுமாக ஒருத்தன் சைக்கிளில் பறந்தால் ஊர் சும்மா இருக்குமா? "யாருவே மாப்பிள்ளை, பொண்ணை விட்டுட்டு ஓடுதாரு?" என்று ஒரு வெற்றிலைக் கடையிலிருந்து குரல் வந்தது. மாலை இருக்கிற நினைப்பே எனக்கு அப்போதுதான் வந்தது. கழற்ற நேரமில்லை.

திருநெல்வேலி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரத்தில் அவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நரைத்த மீசை. பக்கத்து இருக்கையில், வக்கீலை ஊர்வரை கொண்டுவிடக் கிளம்பியிருந்த கட்சிக்காரன், அந்தக் கொழுந்தன். ஜெயித்த சந்தோஷத்தில் முறுக்கு தின்றுகொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, இறங்கி வாங்க. முன்சீப் இன்னும் கையெழுத்துப் போடலை. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றேன். மூச்சிரைப்பில் பாதி வார்த்தை முழுங்கிப்போனது.

அவர் மாலையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "உம்ம கட்சிக்காரி எங்க?" என்றார்.

"கோர்ட் வாசல்ல நிக்கா. மோட்டார் போடலாமான்னு கேக்கா."

கண்டக்டர் விசில் ஊதினான். அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கொழுந்தனுக்கு முறுக்கு தொண்டையில் சிக்கிக்கொண்டது.

"என்ன வக்கீலய்யா, எங்க போறீக? ஜெயிச்சாச்சுல்லா?"

"ஆள் இல்லாத எடத்துல ஜெயிச்சது ஒரு ஜெயமா? நான் போய்ச் சொல்லிட்டு வாரேன்."

"உம்மக் கூட்டிட்டு வந்தது எனக்குப் பேசவா, அவளுக்குப் பேசவா? நீரு இறங்கினா இந்தக் கேஸை இனிப் பாக்க வேண்டாம். ஊருக்குள்ள ஒருத்தன் உம்மகிட்ட வரமாட்டான், ஆமா."

அவர் இறங்கிவிட்டார். அவனை ஏற்றிக்கொண்டு பஸ் போயிற்று. சைக்கிள் கேரியரில் அவரை உட்காரவைத்து நான் மிதித்தேன். பெரிய மனுஷர் ஒரு கையில் பையையும் மறு கையில் என் கோட்டையும் பிடித்துக்கொண்டு வந்தார்.

முன்சீப் எழுந்திருக்கப் போகும் நேரம். திருநெல்வேலிக்காரர் நேரே போய் நின்று, "பிரதிவாதி தரப்பு இல்லாத நேரத்துல உத்தரவு கேட்டேன். அதை விலக்கிக்கிட எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார். முன்சீப் பேனாவை எடுத்துத் தடை உத்தரவை அடித்தார். கோர்ட் திறக்கும்வரை இருவரும் பழைய முறைப்படியே தண்ணீர் எடுக்கலாம் என்று எழுதினார்.

விஷயத்தை நான் சொன்னதும் அந்த அம்மா வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். சட்டென்று முந்தானையால் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கு என் முறையாக்கும்! கரண்டு போறதுக்குள்ள மோட்டார் போடணும்" என்று புளியங்குடி பஸ்ஸுக்கு ஓடினாள். எங்கள் இருவரிடமும் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த திருநெல்வேலி பஸ் வரும்வரை அவரோடு டீக்கடையில் நின்றேன். நன்றி சொல்லத் தெரியாமல் உளறிக்கொண்டிருந்தேன். "எங்க ஊர் வழக்கம் உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி, உங்க மேல தப்பே இல்லை" என்றேன்.

அவர் டீயை ஆற்றினார். "எனக்குத் தெரியும்வே" என்றார்.

"என்னது?"

"உங்க சங்கத்துல இருந்து வழக்கத்தை எனக்கும்தான் சொல்லி விட்டாக. மூணாவது தடவை டவாலி கூப்பிடும்போது ஸ்பீக்கர்ல உம்மப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தாக. கேட்டுச்சு. முன்சீப்புக்கும் கேட்டுச்சு. நீரு எங்க இருக்கீருன்னு தெரிஞ்சுதான் எந்திரிச்சு உத்தரவு கேட்டேன்."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. இந்த ஆளுக்கா சைக்கிள் மிதித்தேன், இந்த ஆளிடமா கெஞ்சினேன் என்று கை துறுதுறுத்தது. அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

"அப்புறம் எதுக்கு இறங்கி வந்தீரு?" என்றேன். மரியாதை கொஞ்சம் குறைந்துதான் வந்தது.

"பஸ்ஸுல உக்காந்ததும் அவன் முறுக்கு வாங்கித் தந்தான். திங்க முடியலை. நீரு வராட்டி, இறங்கியிருப்பேன்னு சத்தியம் பண்ண மாட்டேன். வந்தீரு, இறங்குனேன். அம்புட்டுதான்." பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக, "வெளிய சொல்லாதேயும். அவன் ஊர்ல எனக்கு இன்னும் நாலு கட்சிக்காரன் இருக்கான்" என்றார்.

அந்த நாலு பேரும் கோடை முடிவதற்குள் கேஸ் கட்டுகளை வாங்கிக்கொண்டு போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கொழுந்தன் சொன்னதைச் செய்துவிட்டான். கேஸ் புது வக்கீலோடு மூன்று வருஷம் ஓடி, கடைசியில் கிணறு பொதுதான் என்று தீர்ப்பாயிற்று. பந்தலில் எனக்கு வைத்திருந்த பொன்னாடையையும் ஷீல்டையும் அன்றைக்குக் காலி நாற்காலியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்களாம். குமாஸ்தா வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

மறு வருஷம் விருதுக்குப் பேர் சொல்லச் சொல்லி முந்தைய விருதுக்காரன் என்ற முறையில் என்னைக் கேட்டார்கள். திருநெல்வேலிக்காரர் பேரைச் சொன்னேன். கூட்டம் சிரித்தது.

"அண்ணாச்சி, அவரு வாதி வக்கீலுல்லா?" என்றார் தலைவர். "இது பிரதிவாதிக்காக நின்னவருக்குக் கொடுக்குத விருது."

"எனக்குத் தெரியும்வே. அதனாலதான் சொல்லுதேன்."